கயிறு பத்தலைங்க

ஒரு மாணவியின் கட்டுரைக்குக் கீழே சிவப்பு மையில் 'பற்றாது' என்று எழுதி, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். நான் தமிழ் ஆசிரியை.

மறுநாள் காந்தி மார்க்கெட்டில், சுமை தூக்குபவர் ஒருவர் என் காய்கறி மூட்டையை ஸ்கூட்டரில் கட்டினார்.

"கயிறு பத்தலைங்க."

"வேற வாங்கட்டுமா?"

"எதுக்கும்மா? நல்ல கயிறுதான். ரெண்டு நுனியும் ஒண்ணையொண்ணு பிடிக்கலை, அவ்வளவுதான்." சும்மாடாக வைத்திருந்த தலைத்துண்டை அவிழ்த்து, இரு நுனிகளையும் அதனால் இணைத்தார். "துண்டை நாளைக்குக் குடுங்க."

அவர் சொன்ன 'பத்தலை'தான் நான் எழுதிய 'பற்றாது'. பற்றுதல் என்றால் பிடித்தல். நான் எழுதிய சொல் பிறந்ததே அதிலிருந்துதான். பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

எத்தனை நோட்டுகளில் அந்தச் சொல்லை எழுதியிருப்பேன்! ஒருமுறையாவது என் தலைத்துண்டை அவிழ்த்தேனா?