செகண்டு கேட்காமல் விட்ட கேள்வி

விடுதியில் தனக்குச் 'செகண்டு' என்று பெயர் வைத்த புண்ணியவதி யாரென்று தெரிந்திருந்தால் அவள் அன்றைக்கே ஒரு கை பார்த்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் முதல் இடத்தைத் தவிர வேறு இடமே தெரியாமல் வளர்ந்தவள். அப்பா பஸ் டிரைவர். மகளின் மார்க்கை ஏறுகிற ஆள், இறங்குகிற ஆள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லியே வண்டி ஓட்டியவர். அப்படிப்பட்ட பெண் மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைத்த நாளிலிருந்து உடற்கூறியலில் இரண்டாவது, மருந்தியலில் இரண்டாவது, எதை எழுதினாலும் இரண்டாவது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

முதலில் வருகிறவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தாலாவது பரவாயில்லை. எதிர்க் கட்டிலிலேயே இருந்தாள். இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஜன்னல், ஒரே துணிக்கொடி, படிப்பதற்குக் கட்டிலுக்கடியில் ஒரே எலும்புப் பெட்டி. அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள், அவள் ஒற்றைப் பெண். செகண்டு மனசுக்குள் அவளுக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்திருந்தாள்.

மகாராணி கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அந்தப் பாக்கியமும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். செகண்டுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். அதற்கும் சேர்த்துத்தான் எரிச்சல். அம்மா போன் செய்தால் "சாப்டியாடி?" என்பதற்கு அடுத்த கேள்வி, "அந்தப் பொண்ணு எவ்ளோ மார்க்?" என்பதுதான்.

கடைசி வருஷம் வந்தது. எல்லா வருஷத்து மார்க்கையும் கூட்டி முதலில் நிற்பவளுக்குப் பதக்கம். இருவருக்கும் நடுவே நூலிழை வித்தியாசம். செகண்டுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அந்தப் பதக்கத்தை அப்பா கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மகாராணி விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார ஆரம்பித்தாள். விளக்குப் போடாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள். கள்ளி, எல்லாவற்றையும் மனசுக்குள் ஒப்பித்துப் பார்க்கிறாள் என்று செகண்டு கணக்குப் போட்டாள். விடுவாளா? அவளும் அலாரம் வைத்து எழுந்து, கொட்டாவி விட்டபடியே புத்தகத்தைப் பிரித்தாள்.

மகாராணி சாப்பிடுவதும் குறைந்தது. தட்டில் பாதியை எடுத்து இவள் தட்டில் வைத்துவிடுவாள். இவள் அதையும் தின்றுவிட்டு, எதிரே இருப்பவளின் மெலிந்த இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். முதல் இடமும் வேண்டும், ஒல்லி உடம்பும் வேண்டுமா இவளுக்கு? சாப்பாட்டுக் கூடத்தில் யாரோடும் பேசாமல் எழுந்து போனால் தலைக்கனம். பட்டம் வாங்குவதற்கு முன்பே பெரிய டாக்டர் ஆகிவிட்டாள் என்று பக்கத்து அறைப் பெண்களிடம் நக்கலடித்தாள்.

ஒருநாள் மகாராணி தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நீட்டினாள். அவளுடைய அப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. செகண்டு ரொம்ப நாளாய்க் கண் வைத்திருந்த பொருள்.

"நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேண்டாம்."

இதைவிட நல்லதாக இன்னொன்று வாங்கிவிட்டாள், பழசை என் தலையில் கட்டுகிறாள் என்று செகண்டு நினைத்தாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். அதைக் காதில் மாட்டித் தன் நெஞ்சில் வைத்துக் கேட்டபோது அத்தனை தெளிவாகக் கேட்டது. கொடுத்து வைத்தவள் என்று அதற்கும் ஒருதரம் பொறாமைப்பட்டாள்.

கடைசித் தேர்வு, மணி அடித்தால் மேசை மாறுகிற தேர்வு. ஒவ்வொரு மேசையிலும் நோயாளியாக நடிக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாணவி விசாரித்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பேராசிரியர் மார்க் போடுவார். இதற்காக விடுதியில் ஜோடி ஜோடியாக ஒத்திகை பார்ப்பார்கள். ஒருத்தி நோயாளி, இன்னொருத்தி டாக்டர். முடிந்ததும், நோயாளியாக இருந்தவள்தான் எந்தக் கேள்வி விட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மகாராணி நோயாளியானாள். கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே பேசினாள். தூக்கம் பாதியில் கலைந்துவிடுகிறது என்றாள். சாப்பாடு ருசிக்கவில்லை, படித்தது மண்டையில் ஏறவில்லை, எல்லாருக்கும் பாரமாக இருப்பதுபோல் இருக்கிறது என்றாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. பாவி, நடிப்பிலும் முதலிடம் வாங்குவாள் போலிருக்கிறதே என்று செகண்டு பொருமினாள். வேகவேகமாகக் கேள்விகளைக் கேட்டு முடித்து, மனச்சோர்வு என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"சரிதான். ஆனா ஒரு கேள்விய விட்டுட்ட."

"எதை?"

"கடைசிக் கேள்வி. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதான்னு நீ கேக்கல."

செகண்டுக்குச் சுருக்கென்றது. எல்லாம் சரியாகச் செய்த அன்றைக்கும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டாளா?

"எல்லாம் எனக்குத் தெரியும். நேரமாச்சுன்னு விட்டேன். நாளைக்குக் கேட்டுக்கறேன், போதுமா?"

மகாராணி பிரித்த நூலைச் சுருட்டி ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை, நீ முன்னாடி போ, நான் பின்னாலேயே வருகிறேன் என்றாள். தேர்வுக் கூடத்து வரிசையில் செகண்டுக்கு முன்னால் இருந்த இடம் காலியாகவே இருந்தது. முதல் மணி அடித்தது. அவள் வரவில்லை. செகண்டுக்கு உள்ளுக்குள் குப்பென்று சந்தோஷம் பொங்கியது. இன்றைக்குப் பதக்கம் நமக்குத்தான்.

முதல் மேசையில் நெஞ்சுவலிக்காரர். ஊதித் தள்ளினாள். அடுத்த மேசையில் ஒரு நாடக நடிகை, மனச்சோர்வு நோயாளியாக. மூக்கைச் சிந்தி, நெஞ்சில் கை வைத்து, ஐயோ டாக்டர் என்று ஒப்பாரியே வைத்தார். செகண்டு வரிசையாகக் கேட்டாள். தூக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? கடைசிக் கேள்விக்காக வாயைத் திறந்தாள். அழுதுகொண்டிருந்த நடிகை, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தார்.

இதுவல்லவா நடிப்பு! அப்படியென்றால் நேற்றுக் கட்டிலில் பார்த்தது?

செகண்டின் கழுத்தில் அந்த ஸ்டெதஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது. விடியாத ஜன்னலும், தன் தட்டுக்கு வந்த பாதிச் சாப்பாடும், பிரித்துச் சுருட்டிய நூலும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை நாளும் எதிர்க் கட்டிலில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்த ஒவ்வொன்றுக்கும் பொறாமைப்பட்டாள்.

எழுந்தாள். மணி இன்னும் அடிக்கவில்லை, இப்போது வெளியே போனால் இந்தப் பாடம் ஃபெயில் என்று பேராசிரியர் எச்சரித்தார். அவள் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

அறைக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மகாராணி வெள்ளைக் கோட்டுப் போட்டு, ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டி, இன்னொன்றைக் கையில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். செகண்டு மூச்சு வாங்க அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த கேள்விதான்.

"உனக்கு... உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாடி?"

"ம்," என்றாள் அவள். கையிலிருந்த ஷூ கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

செகண்டு அவள் கையை விடவே இல்லை. மனநலப் பிரிவுக்கு நடந்துபோகும்போதும் பிடித்திருந்தாள். அங்கிருந்த டாக்டர் அம்மா, கொஞ்சம் கையை விடும்மா, நான் நாடி பார்க்கணும் என்று சொல்கிறவரைக்கும் பிடித்திருந்தாள்.

அந்த வருஷத்துப் பதக்கம், பந்தயத்திலேயே இல்லாத மூன்றாமவளுக்குப் போனது. அப்பாவிடம் ஃபெயில் என்று சொல்ல செகண்டுக்கு நாக்கு எழவில்லை. விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர், பஸ்ஸில் யாராவது கேட்டால் இதைச் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மகாராணி வீட்டுக்குப் போனாள். மருந்து, மருத்துவர், ஓய்வு என்று மாதங்கள் போயின. அடுத்த தேர்வுக்குத் திரும்பி வந்து அதே எதிர்க் கட்டிலில் பெட்டியை இறக்கினாள். இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். முடிவு வந்தபோது செகண்டு பலகையின் முன் முண்டியடித்து நின்று பார்த்தாள். இருவர் பெயரும் உச்சியிலேயே இருந்தன.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"யாருடி ஃபர்ஸ்ட்டு?"

"அவதாம்மா. வயிறு எரியுதும்மா எனக்கு."

எதிர்க் கட்டிலில் மகாராணி தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செகண்டு போனைக் காதில் வைத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குத் தொண்டை கம்முவதைக் கேட்ட அம்மா, விடும்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று ஆறுதல் சொன்னாள்.