ஆயிலில் பெட்ரோல் வாசனை

அப்பா இறந்த பிறகு அக்காவுக்கு நகைகள் போயின, எனக்கு அவருடைய கார் வந்தது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். யாரோ ஒரு கப்பல் ஏஜென்ட் கழித்துவிட்ட வண்டியை வாங்கி வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர், முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட்டு. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது என் கணவர் முகம் தொங்கிப்போனது. "இந்தத் தகரத்த எங்க நிறுத்தறது?" என்றார்.

சில வருடங்களில் அதே தகரம் 'வின்டேஜ்' ஆகிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடற்கரைச் சாலையில் கூடுகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, அவரும் போக ஆரம்பித்தார். அதுவரை அவ்வப்போது ஓட்டி, பேட்டரி செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டது நான்தான். அதன்பிறகு சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. முதலில் 'எங்க வண்டி' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பிறகு 'என் வண்டி' என்றார்.

ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் திணறி நின்றுவிட்டது. ராயபுரத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் என் கணவருடைய பள்ளித் தோழர். பெட்ரோல் பம்பைக் கழற்றி, உள்ளே இருந்த இரும்புக் கையை எங்களிடம் காட்டினார். இன்ஜின் சுற்றும்போது இந்தக் கை ஏறி இறங்கினால்தான் பம்ப் பெட்ரோலை இழுக்கும். அதன் முனை மழுங்கிப்போயிருந்தது.

"தேஞ்சி பூட்ச்சி மாமு. புச்சு கெடைக்காது. வெல்டு வெச்சி ராவிக் குடுத்துர்றேன்."

"அந்த ரப்பர்?" என்று நான் கேட்டேன். பம்புக்குள் பெட்ரோலையும் இன்ஜினையும் பிரிப்பது ஒரு ரப்பர் சவ்வு. அது விறைத்து ஓரத்தில் வெடித்திருந்தது.

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "அது தாங்கும் மாமு."

வண்டி நன்றாக ஓடியது. ஆனால் ஆயில் பிரஷர் காட்டும் முள் மாறிவிட்டது. முன்பெல்லாம் சூடேறினாலும் நடுவில் நிற்கும். இப்போது சிக்னலில் நின்றால் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் குறையவில்லை, கூடியிருந்தது. "பாத்தியா, ஒரு சொட்டு குறையல" என்று கணவர் சந்தோஷப்பட்டார். நான் விரலில் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் வாசனை.

எண்ணூர்ப் பக்கம் ஆயில் கலக்கும் ஒரு கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. ஆயிலைச் சூடாக்கி எந்தச் சூட்டில் தீப்பற்றுகிறது என்று பார்ப்பது என் தினசரி வேலைகளில் ஒன்று. ஒரு சின்ன பாட்டிலில் எங்கள் கார் ஆயிலைக் கொண்டுபோய்ச் சோதித்தேன். நல்ல ஆயில் என்றால் வெகு நேரம் சூடாக வேண்டும். இது சூடேறத் தொடங்கியதுமே குப்பென்று நீலமாகப் பற்றி அணைந்தது. சவ்வு கிழிந்து, பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆயில் தண்ணீராகிவிட்டால் பேரிங் எதுவும் மிஞ்சாது.

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன்.

"அவன் சின்ன வயசுலேர்ந்து இன்ஜின் பிரிக்கறவன். நீ பாட்டில்ல ஊத்திப் பாக்கறவ" என்றார்.

"சரி, நானே போய் அவர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"என் ஃபிரண்டு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாத. நானே சொல்றேன்."

அந்த வாரக் கடைசியில் வண்டியை எடுத்துப்போய் மாலையில் திரும்பினார். "ரப்பரும் மாத்தியாச்சு, ஆயிலும் மாத்தியாச்சு. போதுமா?" குச்சியை எடுத்துப் பார்த்தால் சந்தேகப்படுகிறேன் என்பார். பார்க்கவில்லை. கட்டியவர் பேச்சை நம்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கார்கள் கூடும் இடத்துக்கு என்னையும் கூப்பிட்டார். எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. காசிமேட்டை நெருங்கும்போது முள் அடியோடு சாய்ந்தது. கீழேயிருந்து டக், டக் என்று சுத்தியலால் அடிக்கிற சத்தம்.

"ஆஃப் பண்ணுங்க."

"இங்க எப்படி நிறுத்தறது? இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"ஆஃப் பண்ணுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி இறுகி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கார் கூட்டத்து நண்பர்கள் மூன்று பேர் கயிறோடு வந்தார்கள். என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்டார். என் கணவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கை காட்டினார். "ஆயிலெல்லாம் இவ டிபார்ட்மென்ட். கெமிஸ்ட் ஆச்சே!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் உதட்டைப் பிரித்து வைத்தேன் என்று நினைக்கிறேன்.

ஷெட்டில் மெக்கானிக் அடியில் திருகாணியைக் கழற்றியதும் ஆயில் தண்ணீராய்க் கொட்டியது. நெடி மூக்கைப் பிடித்தது.

"கலீஜ்... பெட்ரோல் பூரா உள்ள எறங்கிக்கீது. இன்னா அண்ணி, மின்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. இவர் நேத்து வந்து ரப்பரும் ஆயிலும் மாத்திட்டுப் போனாரே?"

அவர் என் கணவரைப் பார்த்தார். "நேத்தா? நேத்து டீ குட்ச்சிட்டு சும்மா பேசிக்கினு இருந்துட்டுப் பூட்டான். ஒண்ணும் சொல்லலியே."

என் கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். போன் அடிக்கவே இல்லை.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "ஏன் மாத்திட்டேன்னு பொய் சொன்னீங்க?"

"உன் தொல்லை தாங்காமத்தான்."

அவ்வளவுதான் பதில். இதற்கு மேல் என்றைக்கும் எதுவும் சொன்னதில்லை.

வேறு இன்ஜின் போடலாம் என்று அவரும் தோழரும் திட்டம் போட்டார்கள். வண்டி என் பேரில் இருந்தது. யாரையும் கேட்காமல் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரை வரவழைத்து ஏற்றி அனுப்பினேன். அப்பாவின் வண்டி போகிறதே என்று அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வீட்டில் பல வாரம் அவர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கும் வசதியாகவே இருந்தது.

போன மாதம் கார் கூட்டத்து நண்பர்களில் ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே, "அப்பா வண்டியாச்சே மேடம், எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டார். என் கணவர் தலை நிமிராமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் போயிடுச்சு. எனக்கும் பிடிக்கல, வித்துட்டேன்" என்றேன்.

என் கணவர் நிம்மதியாக மூச்சு விட்டு, இன்னொரு பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டார். அவருடைய பொய்யைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேனோ என்னவோ. அந்த நிம்மதியை என்னால் மன்னிக்க முடியவில்லை.