கண்ணாடிக்குள்ள கண்ணை மூடி நின்னவன்

முதல்லயே ஒண்ணு சொல்லிடுகேன், எனக்கு இந்த சாமி, பேய், தரிசனம், அற்புதம் ஒண்ணுலயும் நம்பிக்கை கெடையாது. பொறந்தது என்னமோ சபைக் குடும்பத்துல தான். வெள்ளக்கார மிஷனரி காலத்துலயே ஞானஸ்நானம் வாங்கின வீடுன்னு எங்க ஆளுங்க பெருமையா சொல்லிக்கிடுவாங்க. சாயங்காலம் ஏழு மணி ஆனா குடும்ப ஜெபம், நடுவுல கண்ணைத் தொறந்தா அப்பா தொடையில நுள்ளிடுவாரு. அப்படி வளந்தவன் தான். ஆனா எங்களுக்கு ஒரு பிள்ளை, பொம்பளப் பிள்ள, எட்டாம் மாசம் வயித்துக்குள்ளயே செத்துப்போச்சு. அதைப் பொதைச்சிட்டு வந்து உக்காந்திருக்கேன், துக்கம் கேக்க வந்த ஒருத்தர் இது தேவ சித்தம்னு சொன்னாரு. சரி, சித்தமாவே இருக்கட்டும், இப்படி சித்தம் வைக்கிற ஆளோட எனக்கு இனிமே பேச்சு இல்லன்னு அன்னைக்கே நிறுத்திட்டேன். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுகது என் வேலை. பட்டையில கத்தி போட்டா பால் வரும், ஜெபம் பண்ணினாலும் வரும், பண்ணாட்டியும் வரும். மழை பேஞ்சா வராது. எனக்குத் தெரிஞ்ச வேதம் அவ்வளவு தான்.

என் வீட்டுக்காரி கனி. அவ பொறந்த வீடு சுசீந்திரம் தாண்டி, அய்யாவழி ஆளுங்க. நாங்க விரும்பிக் கெட்டினோம். எங்க வீட்டுல ஞானஸ்நானம் எடுத்தா தான் கல்யாணம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. கல்யாணத்தன்னைக்கு காலையில தலையில தண்ணி ஊத்தி, கனி கிரேஸ் ஆயிட்டா. அவ அண்ணன் அந்த ஊரு தாங்கல்ல, அதாவது அவங்க கும்பிடுகிற எடத்துல, பணிவிடை செய்யிறவரு, மத்த நேரம் ஆட்டோ ஓட்டுவாரு. கல்யாணத்துக்குப் பொறவு பதினொரு வருசம் மனுசன் எங்க வாசல் மிதிக்கல. கனி அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கெடையாது. ஞாயித்துக்கெழமை தவறாம சபைக்குப் போவா, பாட்டுக் குழுவுல பாடுவா. சபைக் குடும்பத்துல பொறந்த நான் வீட்டுல படுத்துக் கெடப்பேன், வந்தவ போவா. இவ முழுசா மாறிட்டான்னு தான் நான் நெனச்சிருந்தேன்.

மூணு வருசத்துக்கு முன்னால அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவளும் எங்கூட தோட்டத்துல பால் எடுக்க வருவா, கால்ல ஒரு சின்ன வெட்டு இருந்திருக்கு, மழைத் தண்ணியில நடந்திருக்கா. எலிக்காய்ச்சல். கண்ணெல்லாம் மஞ்சள். நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம், ரெண்டாம் நாள் கிட்னி நின்னுபோச்சுன்னாங்க, மூணாம் நாள் மூச்சுக்குக் குழாய் போடணும்னாங்க. குழாய் போடுகதுக்கு முன்னால ஒரு நிமிசம் என்னை உள்ள விட்டாங்க. அவ என் கையப் புடிச்சுகிட்டு, "இஞ்ச பாருங்க, எனக்காண்டி ஒருக்கா தாங்கலுக்குப் போவியளா" ன்னா. பதினொரு வருசத்துல அந்த வார்த்தையை அவ வாயில இருந்து அன்னைக்கு தான் கேட்டேன். எனக்கு அழுகை முட்டிகிட்டு வந்தது. அவ மாறினாளா, இல்ல ரெண்டையும் உள்ள வச்சுகிட்டே நடந்தாளா, எனக்காக எதை முழுங்கினா, ஒண்ணும் தெரியாம இவ்வளவு நாள் ஒரே பாயில படுத்திருக்கேனேன்னு நெனச்சேன்.

போகல, கேட்டியளா. போனா அவ சாகப்போறான்னு ஒத்துக்கிட்ட மாதிரின்னு வீம்புல இருந்தேன். பாஸ்டர் வந்து ஐசியூ வாசல்ல நின்னு ஜெபிச்சிட்டுப் போனாரு, நல்ல மனுசன், குறை சொல்லப்பிடாது. நான் சொவத்தைப் பாத்துகிட்டு நின்னேன். அஞ்சாம் நாள் காலையில டாக்டர் வந்து, மூணு நாளா ஒரு சொட்டு மூத்திரம் வரல, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடுங்கன்னாரு. அப்ப தான் ஒடைஞ்சேன். யாரு காலுல வேணும்னாலும் விழுகதுன்னு ஆயிப்போச்சு. ஐசியூ பாஸை சட்டைப் பைக்குள்ள போட்டுகிட்டு பஸ் ஏறிட்டேன்.

நான் போய்ச் சேரும்போது மணி பன்னெண்டரை இருக்கும், உச்சிப்படிப்பு, அதாவது மத்தியானம் படிக்கிற படிப்பு, அப்ப தான் முடிஞ்சு ஆளுங்க போயாச்சு. மச்சான் மட்டும் பாத்திரம் கழுவிகிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் முகம் இறுகிப்போச்சு. "கனி சாகக் கெடக்கா மச்சான்" ன்னேன். அவரு கையில இருந்த செம்பைக் கழுவி முடிச்சாரு. பொறவு, "சட்டையக் கழத்தும். துவர்த்தைத் தலையில கெட்டும்" னாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கெட்டினேன். தெரியாதவங்களுக்கு சொல்லுகேன், அங்க செலை எதுவும் கெடையாது, ஒரு கண்ணாடி, ரெண்டு பக்கமும் விளக்கு. நாம போயி நின்னா நம்மளத் தான் பாக்கணும். ஆம்பளைங்க தலைப்பாவு கெட்டிகிட்டு, மார்ல துணி இல்லாம நிக்கணும். மச்சானே என் நெத்தியில வெள்ளை மண்ணால நாமம் போட்டுவிட்டாரு.

கண்ணாடி முன்னால போய் நின்னதும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா, கண்ணை மூடிட்டேன். பழக்கம். ஜெபம்னா கண்ணை மூடணும்னு தொடையில நுள்ளி வளத்த ஒடம்பு, அது எங்க கேக்கும். மூடிட்டு என்னத்த சொல்லுகது? பேச்சு நிறுத்தி எத்தனை வருசம்! ஒரு வார்த்தை கெடையாது. பின்னால இருந்து மச்சான், "ஓய், கண்ணைத் தொறயும். கண்ணாடி முன்ன வந்து கண்ணை மூடினா யாரைப் பாக்கது?" ன்னாரு.

தொறந்தேன்.

நீங்க நம்பினா நம்புங்க, இல்லாட்டி விடுங்க. கண்ணாடியில நான் நிக்கேன். தலைப்பாவு சரியா இருக்கு, நாமம் இருக்கு, விளக்கு ஆடுது, பின்னால மச்சான் கையில செம்பு. ஆனா என் கண்ணு மூடியிருக்கு. நான் பாத்துகிட்டு இருக்கேன், கண்ணாடியில உள்ளவன் கண்ணை மூடிகிட்டு இருக்கான். கண்ணு மூடின தன் மூஞ்சிய கண்ணாடியில யாராவது பாத்திருக்கியளா? பாக்க முடியாதுல்லா? வெயில்ல வந்த மயக்கம்னு நெனச்சு விரலால என் இமையத் தொட்டுப் பாத்தேன், தொறந்து தான் இருந்தது. அவனும் விரலைக் கொண்டு மூடின இமையத் தொட்டான். அவன் வாய் அசைஞ்சுகிட்டே இருந்தது. என் வாய் அசையல, உதட்டைக் கடிச்சுகிட்டு நிக்கேன், அவன் வேகவேகமா, கெஞ்சுகிற மாதிரி, என்னமோ சொல்லிகிட்டு இருக்கான். ஒரு சத்தம் இல்ல. எவ்வளவு நேரம்னு தெரியல. பொறவு வாயை மூடினான், கண்ணைத் தொறந்தான், நேரா என்னைப் பாத்தான். கண்ணாடியில நாம நம்மளப் பாக்க மாதிரி இல்ல. பேசி முடிச்சிட்டு வந்த ஒருத்தன், சரிதானே, உனக்கு சம்மதம் தானேன்னு கேக்க மாதிரி. நான் தலையாட்டிட்டேன். ஏன் ஆட்டினேன்னு கேக்காதீங்க. அந்த நேரத்துல யாரு எதைக் கேட்டாலும் ஆட்டியிருப்பேன்.

திரும்பினா மச்சான் முகம் வெளுத்திருக்கு. அவரு பாத்தாரா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நான் துவர்த்தை அவுத்து சட்டையப் போட்டதும், "வாரும், போவோம்" னு மட்டும் சொல்லி ஆட்டோவை எடுத்தாரு. தங்கச்சியப் பாக்க வாராரு, பதினொரு வருசத்துக்குப் பொறவு.

ஐசியூ வாசல்ல நர்சு நின்னுச்சு, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளை, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. என்னைப் பாத்ததும் ஏச ஆரம்பிச்சிட்டு. "அண்ணே, மத்தியானம் பார்வை நேரம் இல்லன்னு எத்தனை வாட்டி சொல்லியாச்சு? அதுவும் சட்டை இல்லாம, தலையில துவர்த்தும் கெட்டிகிட்டு வந்து கட்டில் பக்கத்துல நின்னியளே. கூப்பிடக் கூப்பிட கண்ணை மூடிகிட்டு ஜெபம். நான் டாக்டரைக் கூப்பிடப் போயிட்டு வாரதுக்குள்ள ஆளைக் காணும்." நான் மச்சானைத் திரும்பிப் பாத்தேன். அதுவே சத்தத்தைக் கொறச்சு, "போட்டும், ஒரு நல்ல சேதி. மூத்திரம் வந்திருக்கு. பையைப் பாருங்க" ன்னுச்சு. கட்டிலுக்குக் கீழ தொங்கின அந்தப் பிளாஸ்டிக் பையில கொஞ்சம் போல மஞ்சளாக் கெடந்தது. நானும் மச்சானும் அதைப் பாத்து பிள்ளைங்க மாதிரி அழுதோம். வேற எவனோ நொழைஞ்சிருப்பான், நர்சுக்கு ஆளு தெரியல, அப்படின்னு நானும் எனக்கு நானே சொல்லிப் பாத்தாச்சு. உள்ள போகணும்னா பாஸ் வேணும், அது என் சட்டைப் பையில தான் இருந்தது.

அதுக்குப் பொறவு அவ தேறினா. குழாயை எடுத்து ரெண்டு நாள் கழிச்சு பேச்சு வந்தது. தண்ணி கொடுத்துகிட்டே மெல்லக் கேட்டேன், "ஏட்டி, நான் வந்து நின்னது உனக்குத் தெரியுமா?" அவ உடனே, "தெரியாம? எவ்வளவு நேரம் நின்னு பேசினிய. வேண்டாம் வேண்டாம்னு நான் கத்துகேன், குழாய் கெடந்ததுல சத்தம் வெளிய வரல" ன்னா. நான் என்ன சொன்னேன்னு கேட்டேன். அவ என் மூஞ்சியவே பாத்தா, கண்ணு நெறஞ்சிட்டு. "சொன்னது உங்களுக்கே தெரியாதா?" ன்னா. பொறவு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா. மூணு வருசமா கேட்டுப் பாத்தாச்சு, சண்டை போட்டும் பாத்தாச்சு. அழுவாளே தவிர சொல்ல மாட்டா.

இப்ப மச்சான் வீட்டுக்கு வாராரு, போறாரு. கனி ஞாயித்துக்கெழமை சபைக்கும் போறா, மாசத்துல ஒரு நாள் தாங்கலுக்கும் போறா, ஒருத்தரும் தடுக்கல. நீ இப்ப நம்புதியான்னு என்கிட்ட கேட்டா என்ன சொல்ல? நம்பிக்கை வேற, பயம் வேற. எனக்கு ரெண்டாவது தான் வந்திருக்கு. என் பேருல யாரோ ஒருத்தன் என்னத்தையோ கொடுக்கேன்னு சொல்லியிருக்கான், நானும் சம்மதம்னு தலையாட்டியிருக்கேன், அது என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆளு என் பொண்டாட்டி. தினமும் மத்தியானம் பன்னெண்டரைக்கு, நான் தோட்டத்துல இருந்தாலும் சரி, கடையில இருந்தாலும் சரி, அவ போன் வரும். "என்னட்டி?" ன்னு கேப்பேன். அந்தப் பக்கம் அது வரைக்கும் புடிச்சு வச்சிருந்த மூச்சை அவ விடுகது கேக்கும். "ஒண்ணும் இல்ல, சும்மா தான்" னு சொல்லிட்டு வச்சிடுவா.