பதிவாகாத வாத்தியார்

ஆசிரியத் தொழிலில் பாடம் நடத்துவது சின்ன வேலை; நாம் ஆசிரியர்தான் என்று சர்க்காரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரிய வேலை. கல்வி ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு தேய்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அந்நியச் சரக்கு

நான் பயிற்சி பெற்றது பாலக்காட்டில். வேலை கிடைத்தது சித்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், தமிழ்ப் பிரிவுக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு நல்ல தூக்கம் போட முடியாது. ஆனால் அப்போது பாலக்காடு சென்னை ராஜ்யம், சித்தூர் திருக்கொச்சி, அதாவது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். ஆகவே என் சான்றிதழ் அந்நியச் சரக்கு. அது உள்ளூர்ச் சான்றிதழுக்குச் சமம் என்று மேலிடம் சொன்னால்தான் என்னைத் தகுதி பெற்ற ஆசிரியர் என்று பதிவு செய்வார்கள். அதுவரை நான் தற்காலிகம். கோடை விடுமுறைக்கு அனுப்பிவிட்டு, ஜூனில் மறுபடி எடுத்துக்கொள்வார்கள்.

எதுகை மோனை தவறாமல் விண்ணப்பம் எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பயிற்சிக் காலத்தில் எங்கே தங்கியிருந்தேன் என்று கிளார்க் கேட்டார். மலையாளி, தமிழும் பேசுவார்; வாத்தியார் என்றால் அவருக்கு 'மாஷ்'. சித்தூர்ப் பக்கத்து என் வீட்டிலிருந்தே தினம் பாலக்காடு போய்வந்ததாக உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாஷே, அது மட்டும் எழுதவேண்டா. தெனமும் வேறே ராஜ்யம் போய்வர்ற ஆளுன்னா, அரிசி கடத்துறவன்னு மேலே விசாரிப்பாங்க!"

இன்ஸ்பெக்டர் வந்த அன்று

பதிவான ஆசிரியர் இல்லாத பிரிவை மூடிவிடலாம் என்று விதி. எனவே இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், பயந்த சுபாவம். "நாளைக்கு நீர் ஆத்தோட இரும். உம்மைக் கண்டா தமிழ்க் கிளாஸ் போயிடும்" என்றார். பள்ளியில் பதிவாகி, அந்த நேரம் வேறு வகுப்பும் இல்லாதவர் டிராயிங் மாஸ்டர் ஒருவரே. மலையாளியான அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர்தான் தமிழாசிரியர் என்று ஏற்பாடாயிற்று.

வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் பள்ளிப் பக்கம் கிளம்பினேன்; டிராயிங் மாஸ்டரே வழியில் எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"போர்டுல ஒரு மாங்கா வரஞ்சு, இது எந்தான்னு கேட்டேன். குட்டிகள் எல்லாம் ஒண்ணா 'மாங்கா'ன்னு கத்தினார்கள். இத்தர நல்ல தமிழ் வகுப்பு கண்டதே இல்லைன்னு இன்ஸ்பெக்டர் சொன்னார், மாஷே!"

ஒரே ராஜ்யம்

ஐம்பத்தாறு நவம்பரில் கேரளம் பிறந்தது. பாலக்காடும் சித்தூரும் ஒரே ராஜ்யம். இனி என் சான்றிதழ் அந்நியமல்ல என்று குதூகலத்தோடு ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க்கும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு விஷயத்தைச் சொன்னார். வெளிராஜ்யச் சான்றிதழ்களைப் பார்க்கும் பிரிவையே எடுத்துவிட்டார்களாம். மேலிடத்துக்குப் போன என் விண்ணப்பம் தீர்ப்புக் காணாமலே முடிக்கப்பட்டுவிட்டது. உள்நாட்டுக்காரனாக முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் முகம் போன போக்கைப் பார்த்து ஆறுதலும் சொன்னார்.

"விசனப்படவேண்டா மாஷே. இப்ப நிங்ஙள் நம்ம ஆளு. அந்தப் பழைய பைல்தான் அந்நியன்!"

பழனியப்பனின் கேள்வி

அடுத்த கோடையில் டிராயிங் மாஸ்டருக்கு மாற்றல் வந்தது. ஜூனில் தமிழ் வகுப்புக்கு முன்னால் நிறுத்திக் காட்ட ஆளில்லை. பிள்ளைகளை மலையாளப் பிரிவில் சேர்க்கும்படி தலைமையாசிரியர் வீடுவீடாகச் சொல்லி அனுப்பினார்.

தோட்டத்தில் நிலக்கடலை போடும் பழனியப்பன் என்னைத் தேடி வந்தார். மகள் வேலாத்தாள் என் வகுப்பில் சரளமாக வாசிப்பவள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் பதிவு வந்துவிடும் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, பதிவு வார வரைக்கும் புள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலயா நிறுத்தி வெக்கிறது? நீங்களே சொல்லுங்க."

அவர் மலையாளத்தில் சேர்த்துவிட்டார், மற்றவர்களும் சேர்த்தார்கள். எனக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

உத்தரவு

ஓணம் கழிந்து உத்தரவு வந்தது. நான் தகுதி பெற்ற தமிழாசிரியர் என்று கொட்டை எழுத்தில், முத்திரையோடு. சட்டையைக்கூட மாற்றாமல் பள்ளிக்கு ஓடினேன். தமிழ் வகுப்பு நடந்த அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. பிள்ளைகளை வருஷ நடுவில் திரும்ப மாற்ற விதி இல்லை என்றார். அடுத்த ஜூனில் பெற்றோர் கேட்டால் பார்க்கலாமாம்.

வெளியே வரும்போது வேலாத்தாள் எதிரே வந்தாள். அடுத்த வருஷம் தமிழ் வகுப்பு திறந்தால் வருவாயா என்று கேட்டேன். அவளுக்கு என்மேல் பிரியம். அதனால் கொஞ்சம் தயங்கினாள்.

"இல்லீங்க சார். மறுக்கா ஒருக்கா எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஆரம்பிக்க என்னால ஆவாதுங்க."

இன்றைக்கு நான் எந்த ராஜ்யத்து இன்ஸ்பெக்டர் வந்தாலும் ஒளியாமல் நிற்கக்கூடிய, முறைப்படி பதிவான, வகுப்பில்லாத வாத்தியார்.