கல்லிலிருந்த பெயர்

தொண்ணூறுகளில் ஒருமுறை மகன் என்னை லண்டனிலிருந்து கரீபியன் தீவொன்றுக்குக் கூட்டிப்போனான். அரைநாள் ஊர் சுற்றிக்காட்ட எங்களுக்கென்றே ஒருவர் காரோடு வந்தார். கறுத்து உயர்ந்த மனிதர். எந்த இடத்தின் பெயரையும் இரண்டுதரம் சொல்லுவார்.

நாங்கள் தமிழர் என்றறிந்ததும், கடற்கரையை விட்டுவிட்டு ஒரு பழைய இடுகாட்டுக்குக் காரைத் திருப்பினார். கரும்புத் தோட்டக் கூலியாய்த் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த அவருடைய பூட்டியின் கல் அங்கே இருந்தது. அதில் பெயர் தமிழில் இருந்தது. வாசிக்கத்தான் அந்தத் தீவில் ஒருவருமில்லையாம்.

"எனக்கு ஏலாதம்மா. நீங்கள் வாசியுங்கோ," என்றான் லண்டனில் படித்த மகன்.

எனக்கும் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவர்கள் முன்னால் தடுமாற மனம் வரவில்லை.

"மீனாட்சி," என்றேன் உடனே.

"எங்கட அம்மா பண்டிதரெல்லோ!" என்று மகன் சிரித்தான்.

அவர் தொப்பியைக் கழற்றி, கல்லைத் தொட்டு, "மீனாச்சி, மீனாச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது. திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பழகினார்.

இப்போதும் விம்பிள்டன் கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அவர் முகம்தான் வருகிறது. கல்லில் முதல் எழுத்து 'அ'. அந்த எழுத்து எனக்குத் தெரியும்.