இடக்கைக்கு ஒரு துவக்கு

செபமாலையில் ஒரு மணி நகர்ந்தால் லீவரில் ஒரு இழுப்பு. புது வேட்டைத் துவக்கை மடியில் கிடத்தி, அதைத் தாங்கும் வலக்கை விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு, விசைக்குக் கீழே வளையம்போல் இருக்கும் லீவரை இடக்கையால் கீழே தள்ளி மேலே இழுப்பாள் மக்டலீன். கிளாக், கிளாக். முதல் நாட்களில் மண் அரைபடுவதுபோல் கேட்ட ஓசை, மாலைச் செபங்கள் கூடக்கூட, நல்ல பூட்டுத் திறக்கும் ஓசையாகிவிட்டது.

"வாய் செபிக்குது. கை ஏன் சும்மா இருக்கோணும்?" என்பாள்.

வீடு நொர்வேயில், ட்வெய்ட்டா என்னும் இடத்தில், ஏழாம் மாடியில். வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். மற்றவர்கள் படுக்கை விரிப்பை மடிக்கும் திசைக்கு எதிர்த்திசையில் மடிப்பாள். பிறவியிலேயே இடக்கைக்காரி. மன்னாரில் படித்த காலத்தில் அந்தக் கையைத் துணியால் வாங்குப் பலகையோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். எழுத்து மட்டும் வலக்கைக்குப் போனது. கத்தியும் அகப்பையும் போகவில்லை.

துவக்கு வாங்கியது 2006ஆம் ஆண்டுக் கோடையில். உடன் வேலை செய்யும் பெரித் என்பவளின் வேட்டைக் குழுவோடு மக்டலீன் சில வருடங்களாகக் காட்டுக்குப் போய்வருகிறாள். சுடுகிறவர்கள் ஆளுக்கொரு பாறையில் காவல் இருப்பார்கள். இவள் தடியும் கையுமாகக் கூவிக்கொண்டு நடந்து, எல்க் மான்களை அவர்கள் பக்கம் கிளப்பிவிட வேண்டும். இந்த வருடம் காவல் பாறை ஒன்று காலியானது. சனிக்கிழமை சுடும் பரீட்சையில் தேறினால் அந்தப் பாறை மக்டலீனுக்கு. தவறினால் மறுபடியும் தடி.

கடையில் காட்டிய துவக்குகள் எல்லாவற்றுக்கும் தோட்டா ஏற்ற இழுக்கும் பிடி வலப்பக்கமே இருந்தது. மூலையில் கிடந்த இதைத்தான் அவள் கை காட்டினாள்.

"இதின்ரை பிடி நடுவிலை இருக்கு. ரெண்டு கைக்கும் பொது. ஒரு கைக்கும் ஏச்சு இல்லை."

வாங்கியதும் அப்படியே தூக்கிக்கொண்டு சுடப் போய்விடவில்லை. கணவன் ஞானரட்ணம் இடுப்பில் கட்டும் சாரத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, கம்பியில் கொளுவிக் குழலுக்குள் தள்ளினாள். தொழிற்சாலைக் கொழுப்பு கறுப்புக் கறுப்பாக வந்தது. துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை.

"அது என்ரை நல்ல சாரமப்பா," என்றார் ஞானரட்ணம்.

"அதுதான் இவ்வளவு நல்லாத் துடைக்குது."

லீவரின் உள்விளிம்பு விரல் கணுவை வெட்டியது. எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவிப் பார்த்தாள். திருகாணிகளை இறுக்கினாள். லீவர் மடியும் இடத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய். போலித் தோட்டாக்களை ஏற்றி இழுத்தபோது அவை ஒவ்வொன்றாகத் துள்ளி மேசை விரிப்பில் விழுந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஞானரட்ணத்தின் தமக்கை செல்வமலர் பேர்கனிலிருந்து வந்து சேர்ந்தாள். மக்டலீன் தேத்தண்ணியை இடக்கையால் நீட்டினாள். செல்வமலர் வாங்கவில்லை.

"சோத்துக்கையாலை தா, பிள்ளை."

மக்டலீன் கையை மாற்றிக் கொடுத்தாள். அதன்பிறகுதான் செல்வமலரின் கண் மேசைக்குப் போனது.

"ஐயோ மாதாவே! துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனமடி நாங்கள். நீ காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய். அதுக்குப் பக்கத்திலை செபமாலை வேற!"

"அப்ப அதைப் பிடிச்சிருந்தது வேற ஆக்கள், மச்சாள். இதைப் பிடிக்கிறது நான்."

"பூசைக்கு வாற சனம் என்ன கதைக்கும்? திங்கக்கிழமை கொண்டுபோய்த் திருப்பிக் குடு. தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லன்."

ஞானரட்ணம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் என்னத்தைச் சொல்ல? சாரத்தையே குடுத்திட்டன்."

சனிக்கிழமை காட்டோரத்துச் சுடுதிடலில் பச்சை மேலங்கி போட்ட ஒருவர் அவளுடைய துவக்கைக் கண்டு சிரித்தார். "என்ன, கௌபாய் படமா?"

"ஓம்," என்றாள் மக்டலீன், சலவைப் பகுதியில் பழகிய நொர்வேஜிய மொழியில். "குதிரை கீழை நிக்குது."

இடத்தோளில் கட்டையை அணைத்து முதல் தோட்டாவைச் சுட்டாள். ஒரு சாண் இடப்பக்கம் விலகிப் பட்டது. மேலங்கிக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பவில்லை. பையிலிருந்து பித்தளைக் கம்பியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்து, குழலின் மேல் குறிபார்க்க இருக்கும் பின்குறியை மயிரிழையளவு வலப்பக்கம் தட்டினாள். சுட்டாள். மறுபடி தட்டினாள். சுட்டாள். மூன்றாவது, நடுவில் போய் இருந்தது.

அதன்பிறகு பரீட்சை. தட்டியில் வரைந்த மானின் நெஞ்சில் ஐந்து தோட்டா பட வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு இடக்கை தானாகவே லீவரை இழுத்தது. அவளுடைய உதடுகளும் அசைந்தன.

வீட்டுக்கு வந்து துவக்கை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். "என்ன மாதிரி?" என்று கேட்டார் ஞானரட்ணம். "அஞ்சும் பட்டுது," என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

செல்வமலர் சோபாவில் இருந்தாள். மக்டலீன் தேத்தண்ணி கொண்டுவந்து இடக்கையால் நீட்டினாள்.

"கை, பிள்ளை," என்றாள் செல்வமலர்.

மக்டலீன் கையை மாற்றவில்லை, பின்னே இழுக்கவும் இல்லை. ஆவி பறக்கும் கோப்பையை மச்சாளின் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள். தேத்தண்ணி அலுங்கவில்லை.