குழல் பார்க்கும் மாமா

எங்கள் சின்னமாமாவின் கையில் எந்தக் குழாய் அகப்பட்டாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அதற்குள்ளே வெளிச்சத்தைப் பார்ப்பார். கிறிஸ்மஸ் தாள் சுற்றியிருந்த மட்டைக்குழல், வக்யூம் கிளீனரின் குழாய், பள்ளிக்கூடத்தில் எனக்குத் தந்த ரெக்கோடர், ஒன்றையும் அவர் விட்டுவைத்ததில்லை. ரெக்கோடரைப் பார்த்துவிட்டு, உள்ளே துப்பல் காய்ந்து கிடக்கிறது, கழுவிக்கொண்டு வா என்றார். புட்டுக்குழலைத் தூக்கினால் மட்டும் அம்மாவுக்குப் பொறுக்காது. அது சாப்பாட்டுச் சாமான் என்று பறித்துக்கொண்டு போய்விடுவார்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எண்பதுகளின் முடிவில், ஸ்ட்ரெதமில் ஒரு கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டின் முன்னறைச் சோபாதான் அவருடைய கட்டில். யாழ்ப்பாணத்தில் லேத் மெசினில் வேலை செய்த கை. லண்டனில் அந்தக் கையை மதித்து வேலை கொடுத்தது ஒரு துவக்குக் கடை. ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்குப் போகும் வெள்ளைக்காரக் கனவான்கள் தங்கள் துவக்குகளை அங்கேதான் திருத்தக் கொடுப்பார்கள். குழல்களைச் சோதித்து, இது இன்னும் எவ்வளவு காலம் குறி தப்பாமல் சுடும் என்று சொல்வது மாமாவின் பொறுப்பு.

ஆனால் எங்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லுக்கே தடை. மாமாகூட அதைச் 'சாமான்' என்றுதான் சொல்லவேண்டும். காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது. காரணம் சொல்லி விளங்கவைக்கும் வயதாக அது கருதப்படவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதங்களை அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார், அன்றைக்குச் சமையலில் உப்பு ஒன்றில் இராது, ஒன்றில் இரண்டு தரம் விழுந்திருக்கும் என்பதுதான் எனக்குத் தெரியும். எனக்கோ மாமாவின் வேலையில் அளவில்லாத பெருமை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் சிநேகிதிகளிடம், எங்கள் மாமா பறக்கிற இலையானை, அந்தச் சின்ன ஈயைக்கூடச் சுட்டு விழுத்துவார் என்று அவிழ்த்துவிட்டிருந்தேன். அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் அவ்வளவு நன்றாகச் சொல்ல முடிந்தது.

அந்த வருடம் மாமாவுக்கு முப்பத்துமூன்று வயது. இரண்டு சம்பந்தங்கள் வந்து, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்த இடத்தில் நின்றுபோயிருந்தன. துவக்கோடு புழங்குகிற யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு அந்த நேரத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? மூன்றாவதாக ஹரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது அம்மா முன்கூட்டியே அணை கட்டிவிட்டார். மாமா வேலை செய்வது 'இஞ்சினியரிங் கம்பனி'. யார் கேட்டாலும் அவ்வளவுதான். எனக்கு ஒரு கிழமையாகப் பாடம் நடந்தது. இதுவும் தட்டிப்போனால் தம்பி இந்தச் சோபாவிலேயே கிழவனாகிவிடுவான் என்று அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே தபால் கந்தோரில் வேலை. தாய் மெலிந்த மனுசி. யார் என்ன சொன்னாலும் மெல்லத் தலையாட்டினார். பெண் கண்ணாடி போட்டிருந்தா, ஏதோ ஆஸ்பத்திரியின் இரத்தம் சோதிக்கும் இடத்தில் வேலை. மாமா எண்ணெய்க் கறை போகத் தேசிக்காயும் சலவைத் தூளும் போட்டுத் தேய்த்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயையும் தேய்த்துக் கழுவிவிட்டவர் மாதிரி, ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். வாத்தியார் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாதான் பதில் சொன்னார்.

வாத்தியார் கெட்டிக்காரர். பெரியவர்களிடம் வராதது பிள்ளைகளிடம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, மாமா என்ன வேலை என்று கேட்டார். இஞ்சினியரிங் கம்பனி என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தக் கம்பனியில் என்ன செய்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைப் போட்டார். எனக்கு ஒரு கேள்விக்குத்தான் பாடம் நடந்திருந்தது.

"துவக்குக் குழல் பாக்கிறது. மாமாதான் அங்க பெரிய ஆள்," என்றேன்.

தேத்தண்ணிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்கின. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா நிலைமையைச் சமாளிக்கப் பாய்ந்து விழுந்து, அது அந்தத் துவக்கு இல்லை, வெள்ளைக்காரர் மான் சுடுகிற துவக்கு என்று விளக்கினார். அதைக் கேட்டுத் தகப்பனின் முகம் கொஞ்சம் தெளிந்தது, தாயின் முகம் கறுத்தது. அவர்கள் மரக்கறிக் குடும்பம். மானோ என்று அந்த அம்மா ஈனக்குரலில் கேட்க, அப்பா முருகப்பெருமானும் வேடனாய் வந்துதானே வள்ளியைக் கட்டினவர் என்று புராணத்தில் இறங்கிவிட்டார். அப்பாவை ஒருமுறை புராணத்தில் இறக்கினால் லேசில் கரையேற்ற முடியாது.

அப்போதுதான் அந்தப் பெண் முதன்முறையாக வாயைத் திறந்தா. மாமாவை நேராகப் பார்த்து, ஒரு குழல் எவ்வளவு காலத்துக்குச் சரியாகச் சுடும் என்று கேட்டா.

மாமா நிமிர்ந்தார். "அது காலத்தில இல்லை. பாவிக்கிற விதத்தில இருக்கு," என்றார்.

பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. வேட்டைக்காரன் வருடத்துக்கு இருபது முப்பது வெடிதான் வைப்பான். அந்தக் கணக்கில் நல்ல குழல் அவனுக்கும் காணும், அவன் மகனுக்கும் காணும். மூவாயிரம் வெடிக்கு மேலும் தாங்கும். வெடிமருந்து கூடிய, வேகம் கூடிய தோட்டா போட்டால் அதில் பாதிக்கே தொண்டை எரிந்துபோகும். தொண்டை என்பது தோட்டா புறப்பட்டு, குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் புரிக்குள் நுழையும் இடம், தேய்மானம் அங்கேதான் தொடங்கும். சூடாற விடாமல் அடுத்தடுத்துச் சுடுகிற அவசரக்காரர்கள்தான் குழலைச் சீக்கிரம் கெடுப்பார்கள். சிலர் துப்புரவு செய்கிற கம்பியை வாய்ப்பக்கத்தால் விட்டு விளிம்பைத் தேய்த்துவிடுவார்கள். குழல் முடிந்துபோச்சு என்று கொண்டுவருகிறவற்றில் முக்கால்வாசி முடியாதவை. உள்ளே செம்பு படிந்திருக்கும், அல்லது தொலைநோக்கியைப் பூட்டிய ஆணி இளகியிருக்கும். அதைப் பார்க்காமல் குழலில் பழியைப் போடுவார்கள். இந்த இடத்தில் மாமாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

புரி எப்படி ஓடும் என்று காட்ட அவருக்கு ஒரு குழல் தேவைப்பட்டது. மேசையில் மஞ்சள் தடவிய தாள் ஒன்று இருந்தது. எடுத்துச் சுருட்டி, கண்ணில் வைத்து யன்னலைப் பார்த்தார். அது பெண்ணின் சாதகம். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் கையை நீட்டிச் சாதகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, அதற்குள்ளால் யன்னலைப் பார்த்தா. நன்றாகத்தான் தெரிகிறது என்றா.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நீர் சுட்டிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

நான் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். இலையான் கதைக்கு ஒரு ஆதாரம் கிடைக்கப்போகிறது.

"இல்லை ஐயா," என்றார் மாமா. "ஊரிலயும் இல்லை, இஞ்சையும் இல்லை. சுட்டுப் பாக்க வேற ஆள் இருக்கு. அவர் சுட்டுக் கொண்டுவந்து தாற குறிமட்டையில ஓட்டையைப் பாத்து நான் சொல்லுவன்."

"ஒருக்காலும் இல்லையோ?" என்று கேட்டது தாய்.

"இல்லை அம்மா. ஒரு வெடியும் இல்லை."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. இத்தனை துவக்கு கைவசம் இருந்தும் ஒருநாள்கூட விசையை இழுக்காத மனிதரையா நான் வகுப்பு முழுக்க வீரனாக்கி வைத்திருந்தேன்? அதைவிடப் பெரிய கவலை, இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிக்கு யார் பெண் கொடுக்கப் போகிறார்கள் என்பது. துவக்கு விசயத்தை உளறினது நான், மிச்சத்தை மாமாவே கெடுத்துவிட்டார் என்று எண்ணிக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். வெளியே வந்தபோது தாய்க்காரி அம்மாவோடு குசினியில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வாத்தியார் அதுவரை தொடாத வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனமிரங்கி, போகும்போது மரியாதைக்குச் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. அம்மா ரிசீவரைப் பிடித்தபடி அழுதார், பிறகு சிரித்தார், பிறகு அன்றிரவு கேசரி கிண்டினார். சம்மதம் என்றார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. வேறு மாப்பிள்ளை கிடைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

கலியாணம் லூயிஷாம் கோயிலில் நடந்தது. கூறைச்சேலையில் மாமி அவ்வளவு வடிவாக இருந்தா. தாலி கட்டி முடிந்து ஆட்கள் படமெடுக்க நெருக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் நான் இடையால் புகுந்து மாமியின் காதருகே போனேன். இவ்வளவு நாளும் மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "மாமி, கவலைப்படாதேங்கோ. நான் வளந்தாப் பிறகு மாமாவுக்குச் சுடப் பழக்கிறன்."

மாமி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டா. பிடித்த கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. "வேண்டாம் குஞ்சு," என்றா. "அவர் இப்பிடியே இருக்கட்டும்."

மாமிக்கு ஒரு தம்பி இருந்ததை எனக்கு இருபது வயதானபோதுதான் சொன்னார்கள். அவர்கள் ஊரில் இருந்த காலத்தில் ஒருநாள் டியூசனுக்கென்று காலையில் சைக்கிளில் போனவனாம். துவக்குப் பிடித்தபடி அவன் நிற்கும் படம் ஒன்று வந்ததாம், அதன் பிறகு ஒரு செய்தி வந்ததாம். அப்போது அவனுக்கு வயது பதினேழு.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. மாமி நல்ல மனுசி, புருசனின் குறையை வெளியே காட்டாமல் சமாளிக்கிறா என்று மட்டும் விளங்கியது. அவவுக்காக மனதார இரக்கப்பட்டுக்கொண்டு, இரண்டாம் பந்தியில் இடம்பிடித்துப் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.